போசா நோவா அமெரிக்கப் பாடகிகளின் குரலை எப்படி மாற்றியது?

2024 பிப்ரவரியில், பாரம்பரிய பாப் குரலிசைக்கான கிராமி விருதை 24 வயது ஐஸ்லாந்துப் பாடகி லேவே வென்றார். முந்தைய ஆண்டு அவரை உலகம் முழுவதும் கொண்டுபோன 'ஃப்ரம் தி ஸ்டார்ட்' பாடலைக் கேட்ட பலருக்கும் ஒரு குழப்பம். இது ஜாஸா, பாப்பா, பழைய பாட்டா, புதிய பாட்டா? அதன் கிட்டார் நடை போசா நோவா என்ற பிரேசில் இசைவகையினுடையது. அதற்கு முன்பே, 2021இல், அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷ் தன் பாடல் ஒன்றின் தலைப்பிலேயே போசா நோவா என்று வைத்திருந்தார். இதே காலத்தில் இரண்டு மரணங்கள் நிகழ்ந்தன. 2023 ஜூனில் பாடகி அஸ்ட்ரூட் ஜில்பெர்டோவும், 2024 செப்டம்பரில் இசைக்கலைஞர் செர்ஜியோ மெண்டிஸும் காலமானார்கள். பிரேசில் தாளத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர்கள் என்றே இருவரையும் பற்றிப் பெரும்பாலும் எழுதப்பட்டது.

தாளம் என்று சொல்வது பாதி உண்மைதான். தாளம் வந்தது, வந்த வேகத்திலேயே தேய்ந்தும் போனது. அமெரிக்க மெல்லிசையில் போசா நோவா நிலையாக விட்டுச் சென்ற மாற்றம் பெண்கள் பாடும் விதத்தில் நிகழ்ந்தது. அந்தப் பாடும் விதத்தின் ஒரு வேர் அமெரிக்காவிலேயே இருந்தது. அது ரியோ டி ஜனைரோவுக்குப் போய், வேறொன்றாக மாறித் திரும்பி வந்தது. இந்தப் போக்குவரத்தைப் புரிந்துகொண்டால், இன்றைய பாடல்களில் நம் காதில் விழுவது எது என்பதும் தெளிவாகும்.

அடிப்படை: மூன்று கூறுகள்

போசா நோவா 1950களின் இறுதியில் ரியோவின் கடற்கரைப் பகுதிகளான கோபகபானாவிலும் இபனிமாவிலும் உருவான பாடல் வகை. அதை உருவாக்கியவர்களில் மூவர் முதன்மையானவர்கள்: இசையமைப்பாளர் அந்தோனியோ கார்லோஸ் ஜோபிம், கவிஞரும் தூதரக அதிகாரியுமான வினிசியஸ் டி மொராயஸ், பாயியா மாநிலத்திலிருந்து வந்த பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜுவாவ் ஜில்பெர்டோ. இந்த இசையைப் பிரித்துப் பார்த்தால் மூன்று கூறுகள் தெரியும்.

1. கிட்டார். பிரேசிலின் துள்ளல் இசையான சம்பாவின் ஊர்வலத்தில் பல பேர் சேர்ந்து அடிக்கும் தாளத்தை ஜுவாவ் ஒரே கிட்டாருக்குள் அடக்கினார். கட்டைவிரல் கீழ்த்தந்தியில் சீராகக் காலம் காட்டும். அது பெரிய முரசின் வேலை. மற்ற மூன்று விரல்களும் சேர்ந்து மேல்தந்திகளைச் சுண்டும். அந்தச் சுண்டல் அடிமேல் விழாமல் அடிக்குச் சற்று முன்போ பின்போ விழும். அது சிறிய கைப்பறையான தம்போரிமின் வேலை.

2. சுரச் சேர்க்கை. ஒரே நேரத்தில் பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பதை மேற்கத்திய இசையில் கார்டு என்பார்கள். எளிய பாப் பாடல் மூன்று சுரங்கள் கொண்ட கார்டுகளை வைத்தே ஓடிவிடும். ஜோபிம் நான்காவது, ஐந்தாவது சுரங்களையும் சேர்த்து அடுக்கினார். மெட்டு ஒரே சுரத்தில் நின்றுகொண்டிருக்க, அடியில் கார்டுகள் மட்டும் நகர்ந்து அதன் நிறத்தை மாற்றுவது அவருடைய முத்திரை. 'ஒரு சுரச் சம்பா' என்றே பெயர்கொண்ட பாட்டு ஒன்று அவரிடம் உண்டு.

3. குரல். நமக்கு முக்கியமானது இதுதான். பேசும் அளவுக்கு மேல் சத்தம் கூடாது. நீட்டிப் பிடிக்கும் சுரத்தில் நடுக்கம் கூடாது. ஓபராவிலும் பழைய மேடைப் பாட்டிலும் ஒரு சுரத்தை நீட்டும்போது குரல் மேலும் கீழுமாகச் சீராக அதிரும். அந்த அதிர்வுக்கு வைப்ராட்டோ என்று பெயர். நம் கமகத்தோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கமகம் சுரங்களுக்கு இடையே நடக்கிற பயணம். வைப்ராட்டோ ஒரே சுரத்தின் மேல் பூசுகிற மெருகு. ஜுவாவ் அந்த மெருகை அறவே துடைத்துவிட்டார்.

குரலும் கிட்டாரும் சேர்ந்து நடக்காது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கர்நாடக இசை கேட்பவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். சமத்துக்கு, அதாவது தாளத்தின் முதல் அடிக்கு, முன்பே எடுத்தால் அதீத எடுப்பு, பின்பு எடுத்தால் அநாகத எடுப்பு என்கிறோம். ஜுவாவ் ஒரே பாட்டுக்குள் இரண்டையும் மாறி மாறிச் செய்வார். கிட்டார் தன் காலத்தில் அசையாமல் போய்க்கொண்டிருக்கும். குரல் அதை முந்தும், பின்தங்கும், பிறகு வரி முடிகிற இடத்தில் அலட்டிக்கொள்ளாமல் சேர்ந்துகொள்ளும்.

ஒரே பாட்டு, ஒரே கிட்டார், இரண்டு குரல்கள்

இந்த மாற்றத்தைக் காதால் சோதித்துப் பார்க்க 1958ஆம் ஆண்டு ஓர் அருமையான சான்றை விட்டுச் சென்றிருக்கிறது. ஜோபிமும் வினிசியஸும் எழுதிய 'செகா டி சௌடாடே' என்ற பாடலை முதலில் பதிவு செய்தவர் எலிசெத் கார்டோசோ, அந்நாளில் பிரேசிலில் பெரும் புகழ் பெற்ற பாடகி. அந்தப் பதிவில் பின்னால் கிட்டார் வாசித்தவர் ஜுவாவ். சில மாதங்கள் கழித்து ஜூலையில் அதே பாடலை ஜுவாவே பாடிப் பதிவு செய்தார்.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். எலிசெத்தின் குரல் செழிப்பானது. வரியின் கடைசிச் சுரத்தில் நின்று, அதை விரித்து, அதிரவிட்டு முடிப்பார். துக்கத்தைச் சொல்லும்போது குரலிலும் துக்கம் ஏறும். சம்பாவின் மெதுவான காதல் வகைப் பாடல்கள் அப்படித்தான் பாடப்பட்டுவந்தன. ஜுவாவ் அதே சுரத்தைத் தொட்டதும் விட்டுவிடுகிறார். துக்கத்தைச் சொற்களிடமும் கார்டுகளிடமும் ஒப்படைத்துவிட்டுக் குரல் ஒதுங்கிக்கொள்கிறது. கிட்டாரின் நடை இரண்டிலும் ஒரே கையிலிருந்து வந்ததுதான். ஆனாலும் முதல் பதிவைக் கேட்பவர்களுக்கு அது பழைய காலமாகவும் இரண்டாவது புதிய காலமாகவும் தெரிகிறது. தாளம் மட்டுமே போசா நோவா என்றால் இந்த வேறுபாடு வந்திருக்க வாய்ப்பே இல்லை. எலிசெத் குறைந்த பாடகி என்று இதற்குப் பொருளாகாது. அவர் பாடிய முறையில் அவர் உச்சியில் இருந்தார். மாறியது முறை.

ரியோவுக்குப் போன அமெரிக்கக் குரல்

ஜுவாவின் தலைமுறை வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1949லேயே ரியோவில் பிராங்க் சினாட்ராவுக்கும் பிரேசில் பாடகர் டிக் பார்னிக்கும் சேர்த்து ஒரு ரசிகர் மன்றம் இருந்தது. அங்கே கூடிய இளைஞர்கள் அமெரிக்க இசைத்தட்டுகளைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்டார்கள். சில ஆண்டுகளில் அமெரிக்க மேற்குக் கடற்கரையின் தணிந்த ஜாஸ் பாணியான 'கூல் ஜாஸ்' வந்தது. செட் பேக்கர் என்ற டிரம்பெட் கலைஞர் அதிர்வே இல்லாத வெளிர்ந்த குரலில் பாடியது இவர்களுக்கு ஒரு திறப்பு.

அதைவிடக் கூர்ந்து கவனிக்க வேண்டியது ஒரு பெண்ணின் இசைத்தட்டு. 1955 இறுதியில் வெளியான 'ஜூலி இஸ் ஹெர் நேம்'. பாடியவர் ஜூலி லண்டன். உடன் இருந்தவை இரண்டே கருவிகள்: பார்னி கெஸலின் கிட்டார், ரே லெதர்வுட்டின் பாஸ். வயலின் கூட்டம் இல்லை, டிரம்ஸ்கூட இல்லை. ஜூலி லண்டன் மைக்குக்கு மிக அருகில் நின்று ஏறக்குறைய மூச்சுக்காற்றில் பாடினார். அதிலிருந்த 'க்ரை மீ எ ரிவர்' அமெரிக்காவில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. ரியோவில் அந்தத் தட்டை வேறு காரணத்துக்காகத் தேடி வாங்கினார்கள். ராபர்ட்டோ மெனெஸ்கால் போன்ற இளம் கிட்டார் கலைஞர்கள் கெஸல் போட்ட கார்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பழகினார்கள். ஒரு கிட்டாரும் ஒரு சன்னக் குரலும் போதும், முழுப் பாட்டும் நிற்கும் என்பதற்கு அந்தத் தட்டு கைமேல் சான்றாக இருந்தது.

ஜூலி லண்டனின் சன்னக் குரலுக்குப் பின்னால் தொழில்நுட்பமும் இருந்தது. மைக் இல்லாத காலத்து அரங்கில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமானால் நெஞ்சிலிருந்து ஓங்கிப் பாட வேண்டும். நியூயார்க்கின் இசை நாடக மேடையான பிராட்வேயின் பாணிக் குரல் அந்தத் தேவையில் பிறந்தது. மின் ஒலிப்பதிவு வந்ததும் முதலில் ஆண்கள் தணிந்த குரலுக்கு மாறினார்கள். 1950களில் நுண்ணிய மைக்குகளும் நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டும் பரவியபோது, பெக்கி லீ, ஜூன் கிறிஸ்டி, பிளாசம் டியரி போன்ற பெண்களும் அந்த வழியில் வெகுதூரம் போனார்கள். ஆனால் அமெரிக்காவில் அது ஒரு ரகம் மட்டுமே. இரவு விடுதியில் புகையோடும் மங்கிய விளக்கோடும் சேர்ந்த, ஆண்களை மயக்கும் குரல் என்ற முத்திரை அதன்மேல் விழுந்திருந்தது. ரியோவின் இளைஞர்கள் அந்த முத்திரையை உரித்துவிட்டுப் பாடும் முறையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். போசா நோவாவின் பெருங்கொடை என்று நான் கருதுவது இதைத்தான். மென்குரல் அங்கே பகல் வெளிச்சத்துக்கு வந்தது.

1962: தாளம் மட்டும் வந்திறங்கிய ஆண்டு

1959இல் வெளியான 'கறுப்பு ஆர்ஃபியஸ்' திரைப்படம் கான் திரைப்பட விழாவின் உயர்ந்த விருதையும் பின்னர் ஆஸ்கரையும் வென்று, ஜோபிமின் மெட்டுகளை வெளிநாடுகளுக்கு அறிமுகப்படுத்தியது. 1961இல் அமெரிக்க வெளியுறவுத் துறை கிட்டார் கலைஞர் சார்லி பேர்டை லத்தீன் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு அனுப்பியது. அவர் பிரேசில் மெட்டுகளோடு திரும்பினார். 1962 பிப்ரவரி 13 அன்று, வாஷிங்டனில் ஒரு தேவாலயத்தின் கூடத்தில், அவரும் சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸும் சேர்ந்து 'ஜாஸ் சம்பா'வைப் பதிவு செய்தார்கள். 1963 மார்ச்சில் அது அமெரிக்காவின் பில்போர்டு இதழ் வெளியிடும் ஆல்பம் தரவரிசைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. இடையே 1962 நவம்பர் 21 அன்று நியூயார்க்கின் கார்னகி அரங்கில் ஜோபிம், ஜுவாவ் உள்ளிட்ட பிரேசில் கலைஞர்கள் நேரடியாக மேடையேறினார்கள்.

'ஜாஸ் சம்பா'வில் பாட்டுக் குரல் கிடையாது. அமெரிக்கர்கள் முதலில் பெற்றது குரல் நீக்கப்பட்ட போசா நோவாவை. அதன் விளைவுகள் உடனே தெரிந்தன.

முதலாவது, தாளம் ஒரு அச்சாக இறுகியது. ஜுவாவின் விரல்கள் பாட்டின் போக்குக்கு ஏற்ப மாற்றிக்கொண்டே இருந்த நடையை, டிரம்ஸின் விளிம்பில் 'டக் டக்' என்று விழும் மாறாத ஒரு வரிசையாக அமெரிக்க ஸ்டுடியோக்கள் சுருக்கிவிட்டன. நம் வீட்டுப் பிள்ளைகள் பழகும் மின்னணு கீபோர்டில் 'போசா நோவா' என்று ஒரு தாளப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் வருவது பெரும்பாலும் அந்தச் சுருக்கம்தான்.

இரண்டாவது, போசா நோவா ஒரு நடன மோகமாக விற்கப்பட்டது. பிரேசிலில் அதற்கென்று தனி நடனமே இல்லை. உட்கார்ந்து கேட்கும் இசை அது. அமெரிக்காவில் டுவிஸ்ட் நடனத்துக்கு அடுத்து எது என்று தேடிக்கொண்டிருந்த காலம். எனவே நடனப் பள்ளிகள் அதற்குப் படிகளைக் கற்பித்தன. 1963இல் ஈடி கோர்மே பாடிய 'பிளேம் இட் ஆன் தி போசா நோவா' பில்போர்டில் ஏழாவது இடம் வரை போனது. அதை எழுதியவர்கள் நியூயார்க்கின் பாப் எழுத்தாளர்களான பாரி மானும் சிந்தியா வைலும். பாட்டில் போசா நோவா ஒரு நடனத்தின் பெயராக வருகிறது. கோர்மே முழங்கிப் பாடுகிறார், பின்னால் பெண்கள் குழு பதில் சொல்கிறது. துள்ளலான, நன்றாகச் செய்யப்பட்ட பாப் பாட்டு. போசா நோவாவின் பெயரைத் தவிர அதன் குணம் எதுவும் அதில் இல்லை.

இந்த இடத்தில் அடிக்கடி நிகழும் ஒரு தவறான அடையாளத்தையும் நீக்கிவிடலாம். அறுபதுகளின் அமெரிக்க பாப்பில் பிரேசில் சாயல் கேட்கும் இடமெல்லாம் போசா நோவா இருப்பதாகச் சொல்கிறார்கள். அவற்றில் பல உண்மையில் பையாவ். அது பிரேசிலின் வறண்ட வடகிழக்கின் தாளம். லூயிஸ் கொன்சாகா என்ற அக்கார்டியன் கலைஞர் அதை 1940களில் நாடு முழுவதும் பரப்பினார். 1951இல் வந்த இத்தாலியத் திரைப்படம் ஒன்றின் பாடல் வழியாக அது அமெரிக்க வானொலிக்கும் போனது. 1959இல் டிரிஃப்டர்ஸ் குழுவின் பாடலில் தயாரிப்பாளர்களான லீபரும் ஸ்டாலரும் அதைப் பயன்படுத்த, அங்கிருந்து அது நியூயார்க் பாப் முழுக்கப் பரவியது. முதல் அடி, சற்று இடைவெளி விட்டு இன்னொரு அடி, பிறகு பலமாக ஒன்று. பெண்கள் குழுப் பாடல்களில் காதுக்குப் பழகிய அந்த நடை, போசா நோவா அமெரிக்காவில் காலடி வைப்பதற்கு முன்பே அங்கே குடியேறிவிட்டது.

1963 மார்ச்: அஸ்ட்ரூட்

குரல் வந்து சேர்ந்த தேதியைத் துல்லியமாகவே சொல்ல முடியும். 1963 மார்ச் 18, 19 ஆகிய இரண்டு நாட்களில், நியூயார்க்கில், தயாரிப்பாளர் கிரீட் டெய்லரின் மேற்பார்வையில் கெட்ஸ், ஜுவாவ், ஜோபிம் மூவரும் ஒரு ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். ஜோபிமும் வினிசியஸும் எழுதிய 'இபனிமாவிலிருந்து வரும் பெண்' என்ற பாட்டுக்கு நார்மன் கிம்பெல் ஆங்கில வரிகள் எழுதியிருந்தார். ஜுவாவுக்கு ஆங்கிலத்தில் பாட வராது. அவருடைய மனைவி அஸ்ட்ரூடுக்கு ஆங்கிலம் தெரியும். 22 வயதான அவர் ரியோவில் நண்பர்கள் வட்டத்தில் பாடியிருந்தாரே தவிர, அதுவரை தொழில்முறையில் தட்டு எதுவும் பதிவு செய்ததில்லை. அவரைப் பாட வைக்கும் யோசனை யாருடையது என்பதில் பின்னாளில் பலரும் உரிமை கொண்டாடினார்கள்.

ஆல்பம் ஏறக்குறைய ஓராண்டு கிடப்பில் கிடந்தது. போசா நோவா மோகம் அடங்கிவிட்டது என்று இசைத்தட்டு நிறுவனமான வெர்வ் தயங்கியது. 1964இல் அது வெளியானபோது, ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடிய அந்தப் பாட்டை வானொலிக்காக மூன்று நிமிடத்துக்குள் சுருக்கினார்கள். வெட்டப்பட்டது ஜுவாவ் போர்த்துகீசிய மொழியில் பாடிய பகுதி. அமெரிக்க வானொலியில் ஒலித்தது அஸ்ட்ரூடின் குரல் மட்டும். பீட்டில்ஸ் அலை அடித்துக்கொண்டிருந்த அந்த ஆண்டில் பாட்டு ஐந்தாவது இடத்தைப் பிடித்தது. ஆல்பம் இரண்டாவது இடம் வரை சென்றது.

அந்த இரண்டரை நிமிடத்தைச் சற்று நெருங்கிக் கேட்கலாம். பாட்டின் முதல் பகுதி எட்டு எட்டுத் தாள அலகுகளாக இருமுறை வருகிறது. அதில் அஸ்ட்ரூட் கணவரைப் போலத் தாளத்தோடு விளையாடுவதில்லை. நேராக, எளிமையாக, சொல்லைச் சொல்லாகவே பாடிக்கொண்டு போகிறார். நடுப்பகுதியில்தான் சோதனை. அது வழக்கத்துக்கு மாறாகப் பதினாறு அலகு நீளம். சுரத்தளமே அரைச் சுரம் மேலேறி, பிறகு படிப்படியாக இடம் மாறுகிறது. இப்படியொரு ஏற்றம் கிடைத்தால் பிராட்வே குரல் அதைப் பற்றிக்கொண்டு உச்சிக்குப் போய்விடும். கைதட்டலுக்கென்றே அமைந்த இடம் அது. அஸ்ட்ரூட் ஏறுவதில்லை. அடியில் கார்டுகள் இடம்பெயர்கின்றன, குரல் அதே சத்தத்தில், அதே நிறத்தில் இருக்கிறது. ஏக்கத்தைச் சொல்லும் வரிகளில் ஏக்கத்தை நடித்துக்காட்ட அவர் முயலவே இல்லை. அதனாலேயே அது கேட்பவருக்குள் வேலை செய்கிறது.

சுரம் சற்றே இறங்கி நிற்கிறது, குரலில் வலு இல்லை, பயிற்சி இல்லை என்று அன்றைய விமர்சகர்கள் சிலர் குறை சொன்னார்கள். அந்த அளவுகோலே பொருந்தாதது என்பது என் துணிபு. 1965 கிராமி விழாவின் பட்டியலைப் பார்த்தால் இரண்டு அளவுகோல்களும் ஒரே இரவில் மோதிக்கொண்டது தெரியும். சிறந்த பெண் குரலுக்கான விருதுக்கு அஸ்ட்ரூட் பரிந்துரைக்கப்பட்டிருந்தார். வென்றவர் பார்பரா ஸ்ட்ரைசாண்ட், பிராட்வேயின் மாபெரும் குரல். ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவு விருதோ இபனிமா பாட்டுக்குப் போனது. ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதும் அந்தப் பாட்டு இடம்பெற்ற ஆல்பத்துக்கே.

அதே ஆல்பத்தின் முகப்பு அட்டையில் அஸ்ட்ரூடின் பெயர் கிடையாது. அந்தப் பதிவுக்காக அவருக்குக் கிடைத்தது இசைக்கலைஞர் சங்கம் நிர்ணயித்திருந்த ஊதியமான 120 டாலர் என்றே இந்த இசையின் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் தற்செயலாக இருந்த இல்லத்தரசி, யாரோ ஒரு ஆண் கண்டுபிடித்த அதிசயம் என்ற கதை அவரை வாழ்நாள் முழுவதும் துரத்தியது. பாட்டை விற்ற குரல் அவருடையது. அந்தக் குரலை ஒரு தேர்ச்சியாக ஏற்றுக்கொள்ள மறுத்ததால்தான் அந்தக் கதை இவ்வளவு காலம் நிலைத்தது. 1965 முதல் அவர் தொடர்ந்து தனி ஆல்பங்கள் வெளியிட்டார், பின்னர் சொந்தமாகவும் பாட்டு எழுதினார். வாழ்நாள் சாதனைக்கான லத்தீன் கிராமி 2008இல் வந்தது.

அமெரிக்கப் பாடகிகள் எடுத்துக்கொண்டவை

1964க்குப் பிறகு அமெரிக்கப் பாடகிகளில் போசா நோவாவைத் தொடாதவர் அரிது. தொட்ட விதங்கள் வெவ்வேறு.

1. குரலைத் தணித்தவர்கள். பெரிய இசைக்குழுக்களோடு பாடி வளர்ந்த டோரிஸ் டே 1965இல் 'லத்தீன் ஃபார் லவர்ஸ்' வெளியிட்டார். ஜோபிமின் பாடல்கள் அதில் உண்டு. அவருடைய பழைய பளிச்சென்ற குரலைத் தேடினால் ஏமாற்றமே. குரல் கீழிறங்கி, காதருகே வருகிறது. இதற்கு ஐந்தாண்டு முன் பெக்கி லீ செய்த லத்தீன் ஆல்பத்தோடு ஒப்பிட்டால் தூரம் புரியும். அங்கே கோங்கா, போங்கோ என்ற பறைகள் முழங்கும் கியூபா பாணி. லத்தீன் என்றால் சத்தமும் சூடும் என்பது அன்றைய அமெரிக்கப் புரிதல். போசா நோவா அதை மாற்றியது.

2. பார்வையைத் திருப்பியவர்கள். இபனிமா பாட்டு, கடற்கரைக்குப் போகும் ஒரு பெண்ணை ஆண் பார்த்து ஏங்குவது. பெக்கி லீ, சாரா வான், எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆகியோர் அந்தப் பெண்ணை ஆணாக மாற்றி, 'இபனிமாவிலிருந்து வரும் பையன்' என்று பாடினார்கள். ஏங்கிப் பார்ப்பவள் இப்போது பெண். சிறு மாற்றம்தான், ஆனால் வானொலியில் ஒலித்த பெண் குரலுக்கு அது ஒரு புதிய நிலை. ஜாஸ் பாடகிகளான எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் சாரா வானும் மென்குரலுக்கு அடங்கும் கலைஞர்கள் அல்லர். அவர்களைக் கவர்ந்தது ஜோபிமின் சுரச் சேர்க்கை. கற்பனைச் சுரங்களில் விளையாட அதைவிட நல்ல களம் எது? சாரா வான் 1977இல் ரியோவுக்கே போய்ப் பிரேசில் கலைஞர்களோடு பதிவு செய்தார். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் 1981இல் ஜோபிமுக்கென்றே ஒரு முழு ஆல்பம் பாடினார்.

3. குழுக்குரலாக்கியவர்கள். செர்ஜியோ மெண்டிஸ் 1966இல் 'பிரேசில் 66' குழுவின் முதல் ஆல்பத்தை வெளியிட்டார். அதன் முதன்மைக் குரலான லானி ஹால் சிகாகோவில் பிறந்தவர். போர்த்துகீசிய வரிகளை ஒலியாகவே கற்றுப் பாடினார். இரண்டு பெண்கள் ஒரே சுரத்தில், அதிர்வில்லாமல், ஒரே குரலென ஒன்றிப் பாடியதுதான் குழுவின் அடையாளம். 1968இல் அமெரிக்க இசையமைப்பாளர் பர்ட் பகாரக்கின் 'தி லுக் ஆஃப் லவ்' இவர்கள் பாடி நான்காவது இடம் வரை போனது. விளம்பரப் பாட்டிலும் தொலைக்காட்சி இசையிலும் அடுத்த பத்தாண்டுகள் கேட்ட பெண் குழுக்குரல் பலவற்றுக்கு மூலம் இங்கே இருக்கிறது.

4. பெயர் சொல்லாமல் உள்வாங்கியவர்கள். பர்ட் பகாரக் இசையில் டியோன் வார்விக் 1964இல் பாடிய 'வாக் ஆன் பை' போசா நோவா என்று விற்கப்படவில்லை. தேவாலயப் பாட்டில் வளர்ந்த வார்விக்குக்கு ஓங்கிப் பாட முழு வலு உண்டு. ஆனாலும் காதல் முறிந்த பெண்ணின் வரிகளை அவர் அடக்கிப் பாடுகிறார். கிட்டார் அடிக்கு இடையே மெல்லக் கீறிக்கொண்டு போகிறது. அழுகையை வெளிக்காட்டாதே என்பதே பாட்டின் பொருள், பாடும் முறையும் அதையே செய்கிறது. பிற்காலத்தில் வார்விக் பிரேசிலிலேயே சில காலம் வாழ்ந்தார்.

இந்த நான்காவது வகையின் நீட்சியாக நான் மிகவும் மதிப்பது ஜேனிஸ் இயன் 1975இல் பாடிய 'அட் செவன்டீன்'. மூன்றாவது இடம் வரை போய், சிறந்த பெண் பாப் குரலுக்கான கிராமியையும் பெற்ற பாட்டு. நைலான் தந்திக் கிட்டார், போசா நோவா நடை, பேசுவது போன்ற குரல். பாடுவது யாரைப் பற்றி? அழகாக இல்லாததால் யாரும் திரும்பிப் பார்க்காத பதினேழு வயதுப் பெண்களைப் பற்றி. பத்தாண்டுக்கு முன் எல்லோரும் பார்க்கும் பெண்ணைப் பற்றிப் பாடிய அதே இசை, இப்போது பார்க்கப்படாதவளின் வாயிலிருந்து வருகிறது. 1965இல் பெண் குரல் விருதைப் பெற முடியாத பாடும் முறை, 1976 விழாவில் அதே விருதைப் பெற்றது.

ஆண்களும் விலகி நிற்கவில்லை. சினாட்ரா 1967இல் ஜோபிமோடு சேர்ந்து, கிளாஸ் ஓகர்மானின் இசை அமைப்பில், தன் வாழ்நாளிலேயே மிகத் தணிந்த குரலில் ஒரு ஆல்பம் பாடினார். அதே ஆண்டு டோர்ஸ் என்ற ராக் குழுவின் முதல் பாட்டே போசா நோவாவைத் தழுவிய டிரம்ஸ் நடையில் தொடங்கியது.

'லிஃப்ட் இசை' என்ற கெட்ட பெயர்

எழுபதுகளுக்குப் பிறகு போசா நோவா என்றாலே ஹோட்டல் வரவேற்பறையிலும் லிஃப்டிலும் காற்றில் கரைந்து ஒலிக்கும் இசை என்ற எண்ணம் அமெரிக்காவில் பரவியது. முதல் காரணம் இசைக்குள்ளேயே இருக்கிறது. தாளம் அச்சாக இறுகி, குரலும் நீங்கிவிட்டால், மிஞ்சுவது இதமான பின்னணி ஒலி. அது யாருக்கும் இடைஞ்சல் செய்யாது. எனவே கடைகள் அதை விரும்பின.

இரண்டாவது காரணம் அரசியல். 1964இல் பிரேசிலில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கோபகபானாவில் யாருடைய வீட்டில் கூடிப் போசா நோவாவை வளர்த்தார்களோ, அந்த நாரா லியாவே அதே ஆண்டில் கடற்கரைப் பாட்டுகளிலிருந்து விலகி, குன்றுகளில் வாழும் ஏழைகளின் சம்பாவைப் பாடத் தொடங்கினார். பிரேசில் முன்னே நகர்ந்துவிட்டது. அமெரிக்கா 1963ஆம் ஆண்டின் பிரேசிலையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தது. வேரிலிருந்து புதிய நீர் வராத செடியாக அது ஆனது. 2000ஆம் ஆண்டில் ஜுவாவின் மகள் பெபெல் ஜில்பெர்டோ மின்னணு ஒலிகளோடு வெளியிட்ட ஆல்பம்தான் வெளிநாட்டு இளைஞர்களிடம் இதை மீண்டும் பேச வைத்தது.

இன்றைய பாட்டில் எதைக் கேட்பது

லேவே, பில்லி ஐலிஷ் போன்றோரின் பாடல்களில் இந்த மரபு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க விரும்புவோர், தாளத்தை விட்டுவிட்டு இப்படித் தொடங்கலாம்.

1. உணர்ச்சி உச்சமடையும் வரியில் குரல் பெருக்கிறதா, அதே அளவில் நிற்கிறதா? நின்றால், அது அஸ்ட்ரூடின் வழி.

2. நீட்டிய சுரத்தின் முடிவில் அதிர்வு இருக்கிறதா? 'ஃப்ரம் தி ஸ்டார்ட்' பாட்டில் லேவேயின் அடர்ந்த தாழ்குரலில் அதிர்வு மெல்லத் தலைகாட்டுகிறது. அது நாற்பது, ஐம்பதுகளின் அமெரிக்க ஜாஸ் பாடகிகளிடமிருந்து வந்தது. கிட்டார் ரியோவுடையது. நடுவில் சொற்களை விட்டுவிட்டு வெறும் அசைகளில் பாடும் இடம் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் மரபு.

3. குரல் கிட்டாரோடு ஒட்டி நடக்கிறதா, முன்னே பின்னே விலகுகிறதா? இன்றைய பாப்பில் பெரும்பாலும் ஒட்டியே நடக்கிறது. கணினியில் ஒவ்வோர் அடியையும் கட்டத்துக்குள் பொருத்திப் பதிவு செய்யும் முறையில் ஜுவாவின் முந்தலுக்கும் பிந்தலுக்கும் இடம் சுருங்கிவிட்டது. மென்குரலை முழுமையாக எடுத்துக்கொண்ட அமெரிக்க பாப், இந்த ஒன்றை இன்றுவரை எடுத்துக்கொள்ளவில்லை.